தாத்தா 80: மதியத்துக்கு மேல என்ன?

குழு: தாத்தா 80 (தாத்தாவைச் சேர்க்காதீங்க)

முருகேசன்: மண்டபத்துக்காரர் கூப்பிட்டார். காலையில நெல்லையப்பர் கோயில் அபிஷேகம், மதியம் சாப்பாடு. 2 மணியில இருந்து 6 வரைக்கும் ஹால் நமக்குத்தான். அந்த நேரத்துக்கு என்ன வைக்கன்னு இன்னைக்கு முடிவு பண்ணணும். எல்லாரும் பதில் போடுங்க

ராஜேந்திரன்: ஆர்க்கெஸ்ட்ரா

செல்வி: வேண்டவே வேண்டாம்

வசந்தா: 70க்கு வச்சோமே. அப்பா எந்திரிச்சு மாடிக்குப் போயிட்டாங்க

ராஜேந்திரன்: அந்தக் காசுல பாதி நான் குடுத்தது

முருகேசன்: மாப்ளே அது இப்ப எதுக்கு

கோமதி: பட்டிமன்றம்?

சங்கர் துபாய்: நீங்களும் அண்ணனும் வீட்ல நடத்துறது போதாதா மதினி

கோமதி: வாங்க கொழுந்தனாரே, ஊருக்கு வந்துதானே ஆகணும்

யாழினி: ஒண்ணு சொல்லட்டுமா

செல்வி: சொல்லு. சின்னதா சொல்லு

யாழினி: சிஹாயாஃபுருன்னு ஒரு ஜப்பான் அனிமே பாக்கேன்லா. சுயெட்சுகு யுகி வரைஞ்ச மாங்கா, அதாவது ஜப்பான் படக்கதை, அதை மேட்ஹவுஸ் ஸ்டுடியோ 2011ல டிவி தொடரா எடுத்துச்சு. மூணு சீசன், 74 எபிசோட். முழுக்க முழுக்க கருட்டாங்கிற ஒரே விளையாட்டு. 100 புலவர்கள், ஆளுக்கு ஒரு கவிதை, 13ஆம் நூற்றாண்டுல ஃபுஜிவாரா நோ தெய்க்கா தொகுத்தது. ஒரு கவிதைக்கு 5 வரி. வாசிக்கிறவர் கையில முழுக் கவிதை இருக்கும். தரையில கிடக்கிற அட்டையில கடைசி 2 வரி மட்டும்தான். அவர் முதல் வரியைத் தொடங்கினதுமே அதோட முடிவு எந்த அட்டைன்னு கண்டுபிடிச்சு எதிராளிக்கு முந்தித் தட்டணும். ஆளுக்கு 25 அட்டை. மீதி 50 கவிதையையும் வாசிப்பாங்க, ஆனா அதுக்கு அட்டை தரையில இருக்காது. அப்போ கையை வச்சுட்டா தப்பு. எதிராளி பக்கத்து அட்டையை எடுத்தா நம்ம அட்டை ஒண்ணை அவங்க பக்கம் தள்ளலாம். எந்தப் பக்கம் முதல்ல காலியாகுதோ அந்தப் பக்கம் ஜெயிச்சது

வசந்தா: சின்னதா?

ராஜேந்திரன்: மண்டபத்துல சீட்டாட்டமா

யாழினி: சீட்டு இல்ல சித்தப்பா. கவிதை

ராஜேந்திரன்: பொம்மைப் படம் பாத்துட்டு

கதிர்: மாமா அவளை முடிக்க விடுங்க

யாழினி: இதை நாம திருக்குறள்ல விளையாடணும். தாத்தா வாசிக்கணும். அதான் என் யோசனை

கோமதி: ஏட்டி நல்லாருக்கே

முருகேசன்: சமையல்காரர் கேக்கார், 120 இலையா 150 இலையா

வசந்தா: தூத்துக்குடி ஆளுங்களைச் சேத்தா 150

செல்வி: அவங்களைக் கூப்பிடுதோமா?

முருகேசன்: அதைத் தனியா பேசுவோம்

சங்கர் துபாய்: எத்தனை வருஷமா தனியா பேசுதீங்க அண்ணே

முருகேசன்: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

யாழினி: குறளுக்கு 7 சீர். முதல் வரியில 4, ரெண்டாவதுல 3. அட்டையில அந்த 3 சீர் மட்டும் அச்சடிப்போம். தாத்தா "அன்பி" வரைக்கும் சொல்லும்போது யாரும் கை வைக்க முடியாது. "அன்பிற்கும் உண்டோ" இருக்கு, "அன்பிலார் எல்லாம்" இருக்கு, "அன்பின் வழியது" இருக்கு. அடுத்த எழுத்து வந்தாத்தான் தெரியும். முதல் ரெண்டையும் ஏற்கெனவே வாசிச்சாச்சுன்னா "அன்பி"லேயே பாயலாம். ஜப்பான்லயும் இதே கணக்குதான். முதல் அசையைக் கேட்டதுமே எடுக்கக்கூடியது 7 கவிதைதான். மத்ததுக்குக் காத்திருக்கணும். ஆட்டம் போகப் போக அந்தக் காத்திருப்பு குறைஞ்சுக்கிட்டே வரும். எது போச்சு எது மிச்சம்னு மனசு கணக்கு வச்சுக்கிட்டே இருக்கணும்

வசந்தா: "என்பும் உரியர் பிறர்க்கு", "என்புதோல் போர்த்த உடம்பு" ரெண்டும் பக்கத்துல கிடந்தா?

யாழினி: அங்கதான் சித்தி ஆட்டமே இருக்கு!!

செல்வி: வசந்தாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு பாரேன்

வசந்தா: கரண்ட் போனா அப்பா திண்ணையில உக்கார வச்சுச் சொல்லச் சொல்வாங்கல்லா. மறக்குமா. நீதான் பாதியில தூங்கிருவ

செல்வி: நான் தூங்கல. நடிச்சேன்

சங்கர் துபாய்: எனக்கு அடி மட்டும்தான் ஞாபகம் இருக்கு

கோமதி: தருணுக்குத் தமிழ் வாசிக்க வருமா?

சங்கர் துபாய்: பேசுவான். வாசிக்க மாட்டான்

கோமதி: அப்போ பிள்ளை சும்மா உக்காந்திருக்கணுமா

சங்கர் துபாய்: வேலைக்குப் போயிட்டு வந்து ஆனா ஆவன்னா சொல்லிக்குடுக்க நேரம் எங்க மதினி

முருகேசன்: நேரம் இல்லாம இல்ல

சங்கர் துபாய்: அண்ணே

யாழினி: தருணை நான் பாத்துக்கிடுதேன். கதையிலயும் முக்கியமான பொண்ணு சிஹாயா முதல்ல கவிதைக்கு அர்த்தம் தெரிஞ்சு ஆடினவ இல்ல. அவளுக்குக் காதுதான் பலம். அசை முழுசா வாயை விட்டு வரதுக்கு முன்னாடியே அந்தச் சத்தம் அவளுக்குக் கேக்கும். அர்த்தத்தைச் சொல்லிக்குடுத்தது கனான்னு ஒரு தோழி. கிமோனோ கடைக்காரங்க வீட்டுப் பொண்ணு, கவிதைன்னா உயிர். சிஹாயாவுக்குன்னு ஒரு கவிதை இருக்கு, நரிஹிரா எழுதினது. தட்சுதா ஆறு மேப்பிள் இலையால செக்கச்செவேல்னு ஓடுது, தேவர்கள் காலத்துலகூட இப்படிக் கேள்விப்பட்டதில்லைன்னு வரும். அர்த்தம் தெரிஞ்ச பிறகு அதே அட்டை அவ கண்ணுக்குச் சிவப்பாத் தெரிய ஆரம்பிக்கும். நான் அந்த எபிசோடை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன்

கதிர்: அந்தக் கண்ணாடிக்காரப் பையன் கதையைச் சொல்லு

யாழினி: அராத்தா. ஃபுக்குயில இருந்து டோக்கியோ பள்ளிக்கூடத்துக்கு வந்தவன். அவன் பேச்சு வட்டாரப் பேச்சு, வகுப்பே சிரிக்கும். சிஹாயா அப்போ ஆறாம் வகுப்பு. அவளோட ஒரே கனவு அவ அக்கா பெரிய மாடலாகணும்னு. அராத்தாதான் கேப்பான், அது உன் கனவு இல்லையேன்னு. அந்தப் பையனோட ஆடித்தான் அவளுக்கு வெறி பிடிக்கும். கூட தாய்ச்சின்னு ஒருத்தன், பொறாமையில போட்டி அன்னைக்கு அராத்தா கண்ணாடியைத் தூக்கி ஒளிச்சு வச்சிருவான்

சங்கர் துபாய்: ஓட்டப்பந்தயத்தன்னைக்கு என் ஷூவைக் கிணத்தடியில ஒளிச்சது யாரு முருகேசு அண்ணே

முருகேசன்: அது வசந்தா

வசந்தா: ஐயோ நான் இல்ல

யாழினி: சென்னை ஹாஸ்டல்ல நான் "என்னட்டி"ன்னு பேசினதுக்கு எல்லாரும் சிரிச்சாங்கல்லா. அதனாலயே எனக்கு அராத்தாவைப் பிடிக்கும். அவன் தாத்தா கருட்டாவுல மெய்ஜின்ங்கிற உச்சப் பட்டம் வாங்கினவர், அவர்தான் குரு. அவர் படுத்த படுக்கையா இருந்தப்போ இவன் ஒரு போட்டிக்குப் போயிருவான். வரதுக்குள்ள அவர் போயிருவார். அதோட அட்டையைத் தொடவே மாட்டேன்னு விட்டுருவான்

செல்வி: நல்ல நாள் பேச்சுல சாவு எதுக்கு யாழினி

கோமதி: ஆமா

ராஜேந்திரன்: கதிர் கேரம் போர்டைப் பரண்ல போட்டதும் ஆச்சி போனப்பதானே. மாவட்டப் போட்டிக்குப் போயிருந்தான்லா

கோமதி: அண்ணே…

செல்வி: இதை இப்ப எழுதணுமா

கதிர்: பரவாயில்ல அத்தை

முருகேசன்: சமையல்காரர் திரும்பக் கூப்பிடுதார். 150ன்னு சொல்லிட்டேன். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க

வசந்தா: அப்போ தூத்துக்குடியைக் கூப்பிடுதோம்?

முருகேசன்: இலை எண்ணிக்கை மட்டும்தான் சொன்னேன்

கதிர்: யாழி, அவன் திரும்ப ஆடுவானா

யாழினி: ஆடுவான் அத்தான். சிஹாயா ஃபுக்குய்க்கே தேடிப் போவா. கொஞ்ச நாள் கழிச்சுத்தான் திரும்ப உக்காருவான். அவன் ஆடுறதைப் பாத்தா தாத்தாவோட கை மாதிரியே இருக்கும்

கதிர்: ம்

ராஜேந்திரன்: பரிசு உண்டா

யாழினி: சித்தப்பா, அங்க மெய்ஜின் பட்டத்துக்கும் பெண்கள்ல குயின் பட்டத்துக்கும் ஜனவரியில ஓட்சுங்கிற ஊர்ல ஓமி ஜிங்கூ கோயில்ல போட்டி நடக்கும். 100 கவிதையில முதல் கவிதை தென்ஜிங்கிற அரசரோடது, அந்தக் கோயிலே அவருக்குத்தான். பாய் விரிச்ச அறை, வாசிக்கும்போது பாக்க வந்தவங்க மூச்சுவிடுற சத்தம்கூடக் கேக்காது. ஆட்டத்துக்கு முன்னாடி 15 நிமிஷம் அட்டை கிடக்கிற இடத்தை மனப்பாடம் பண்ண நேரம் குடுப்பாங்க. அடுத்த ஆட்டத்துக்கு அட்டை மாறும், இடம் மாறும். முந்தின ஆட்டத்துல படிச்ச இடத்தை எல்லாம் மனசுல இருந்து அழிச்சுட்டு உக்காரணும். ஷினோபுன்னு குயின் ஒருத்தி, அட்டையைத் தொடுறதே தெரியாது, அவ்வளவு மெல்ல எடுப்பா. சிஹாயா அவகிட்ட மோசமா தோத்துட்டு வந்து, கையை வீசி வீசிப் பழகுவா. ஜெயிக்கிறதைவிட அந்தப் பழக்கத்தைப் பாக்கத்தான் நான் உக்காருவேன். இவ்வளவு ஒழுங்கா ஒண்ணைக் கத்துக்கிட முடியுமான்னு இருக்கும். நம்ம தாத்தா பாடம் எடுத்தது அப்படித்தானே, ஒரு சீர் தப்பினா முதல்ல இருந்து. அதுக்குத்தான் இதைக் கேக்கேன்

ராஜேந்திரன்: பரிசு உண்டா இல்லையா

கோமதி: எவர்சில்வர் டப்பா வாங்கிருவோம்

செல்வி: அப்பா தொண்டைக்கு 50 குறள் ஒத்துக்கிடுமா. போன வாரமே இருமிக்கிட்டு இருந்தாங்க

வசந்தா: வாசிக்க வேண்டாம், அப்பாவும் உக்காந்து ஆடட்டும்

முருகேசன்: அப்பா ஆடினா நாம யாரும் ஒரு அட்டை எடுக்க முடியாது

யாழினி: வாசிக்கிறவர்தான் மாமா ஆட்டத்தோட உயிர். அங்க அதுக்குன்னு தேர்ச்சி வாங்கின ஆளுங்க இருக்காங்க. முந்தின கவிதையோட கடைசி வரியை இழுத்து முடிச்சுட்டு ஒரு விநாடி விட்டு அடுத்ததைத் தொடங்குவாங்க. அந்த ஒரு விநாடி எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருக்கணும். தாத்தா குரல்லதான் அது வரும்

சங்கர் துபாய்: வசந்தா பாதி, அப்பா பாதி வாசிக்கட்டும்

வசந்தா: நான் ஆடப் போறேன். என்னை விட்டுருங்க

முருகேசன்: அப்பாகிட்ட யார் கேக்கது? சொன்னா ஒளிச்சு வச்சது போச்சு

செல்வி: அண்ணன்தான் கேக்கணும்

முருகேசன்: நான் கேட்டா சரின்னு சொல்ல மாட்டாங்க. உனக்குத் தெரியும்

கோமதி: யாழினி கேக்கட்டும். பேத்திக்கு மறுக்க மாட்டாங்க

கதிர்: அட்டை நான் அடிச்சுத் தாரேன். நம்ம அச்சகத்துல 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு மிச்சம் கிடக்கு. மூலையை உருட்டி வெட்டணும், இல்லன்னா கையைக் கிழிக்கும். எழுத்து எவ்வளவு பெருசு வேணும்?

யாழினி: வசந்தா சித்தி கண்ணாடி இல்லாம வாசிக்கிற அளவு

வசந்தா: ஏட்டி

கதிர்: 50 குறள் யார் பொறுக்குறது?

யாழினி: 30 எடுத்துட்டேன். "கற்க கசடற", "கற்றதனால் ஆய பயன்" ரெண்டும் சேத்துருக்கேன். காமத்துப்பால்ல இருந்தும் 10 போடலாம்லா?

கோமதி: மாமா முன்னாடியா

சங்கர் துபாய்: போடு போடு

செல்வி: அப்பாவே வகுப்புல நடத்தினதுதானே. இருந்தாலும் 10 வேண்டாம், 5 போடு

முருகேசன்: அதை முடிவு பண்ணிட்டுக் கதிருக்கு அனுப்பு. ஞாயித்துக்கிழமைக்குள்ள

ராஜேந்திரன்: அப்போ ஆர்க்கெஸ்ட்ராக்காரன்கிட்ட என்ன சொல்ல? நான் பேசி வச்சுட்டேன்

வசந்தா: என்னங்க, எப்போ பேசுனீங்க

முருகேசன்: மாப்ளே போன் எடுங்க