எச்.பி.வி.க்குக் காளான் மாத்திரை: சாப்பிட்டவங்க சொல்லுங்க

கோபியிலிருந்து:
போன ஐப்பசியில கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்தேனுங்க. எச்.பி.வி., அதான் கர்ப்பப்பை வாய் கேன்சரைக் கொண்டாரக்கூடிய வைரஸ், இருக்குன்னு வந்துருச்சு. செல்லுல மாற்றம் இருக்கான்னு பாக்கற பேப் ஸ்மியர் டெஸ்ட் நல்லா இருந்துது. கேன்சருக்குப் பெரும்பாலும் காரணமான 16, 18-ங்கற வகை ரெண்டும் இல்லை, மத்த வகைன்னு போட்டிருந்துது. “பெரும்பாலும் ரெண்டு வருசத்துக்குள்ள உடம்பே வைரஸைத் துரத்திரும், ஒரு வருசம் கழிச்சு மறுபடி டெஸ்டுக்கு வாங்க”ன்னாங்க டாக்டரம்மா. ஆனா ஊட்டுக்கு வந்தா ஒரே வெசனம்.

நாத்தனார் தெரிஞ்சவர்கிட்டச் சொல்லி ஒரு டப்பா வாங்கியாந்தாங்க. 'வான்கோழி வால்' காளானாம். ஒரு மாத்திரையைப் பிரிச்சுப் பாத்தேன். பழுப்புத் தூளு, எங்க சிப்பிக்காளான் கொட்டாயில நனைஞ்ச வைக்கோல் வாசம் அப்படியே அடிச்சுது. “நாம திங்கற காளானே மருந்துன்னா நமக்கெல்லாம் சாவே வரக்கூடாதே”ன்னு அமுச்சி சிரிச்சுது.

அப்புறம் தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஷீட்டாக்கே காளானோட பூஞ்சை இழையிலிருந்து எடுத்த சாறை, ரெண்டு வருசத்துக்கு மேல வைரஸ் போகாத பெண்களுக்குக் குடுத்திருக்காங்க. தினம் 3 கிராம், வெறும் வயித்துல, 6 மாசம். 2022-ல வந்த முடிவுல, சாப்பிட்ட 22 பேர்ல 14 பேருக்கு வைரஸ் போயிருக்கு. டம்மி மாத்திரை சாப்பிட்ட 19 பேர்ல 2 பேருக்குத்தான் போச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆளு கம்மி. என்ற டப்பாவுல இருந்ததோ வேற காளான்!

நாலு மாசம் தின்னேன். இந்த ஐப்பசி டெஸ்டுல நெகட்டிவ். காளானா, தானாப் போச்சான்னு எனக்கே சொல்லத் தெரியலீங்க. “இனி டெஸ்டே வேண்டாம்”னு அந்த விக்கிறவர் சொன்னதுதான் இன்னும் ஆத்திரம்.

திருச்செங்கோட்டிலிருந்து:
அதேதானுங்க எங்க ஊட்டுலயும். முகாம்ல வினிகர் மாதிரி ஒண்ணைத் தடவிப் பாத்து, வெள்ளையாத் தெரியுது, சதை எடுத்துப் பாக்கணும்னாங்க அக்காவுக்கு. அக்கா எட்டு மாசம் காளான் பொடியைக் கலக்கிக் குடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. கடைசியில லீப், அதான் கரண்ட் பாயற கம்பி வளையத்தால வெட்டறது, பண்ணி அந்த இடத்தை எடுத்தாங்க. நல்லவேளை, கேன்சர் ஆகலை.

பல்லடத்திலிருந்து:
ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க சித்தெ பாத்துக்கங்க. அம்மா 'சத்துக்கு'ன்னு ரெய்ஷிங்கற காளான் பொடி எடுத்தாங்க, பல்லு தேச்சா ரத்தம். டாக்டர் முதல்ல நிறுத்தச் சொன்னது அந்தப் பொடியைத்தான். டப்பாவுல இப்பக் கடுகு போட்டு வச்சிருக்கோம்.