பல அலைவரிசை ரிசீவர்களில் டியூன் செய்யக்கூடிய வடிகட்டி: உங்கள் அனுபவங்கள்

முதல் பதிவு

பல அலைவரிசைகளைக் கேட்கும் ரிசீவரின் முன்முனையில், வேண்டிய அதிர்வெண்ணுக்கு நகர்த்தி அதை மட்டும் உள்ளே விடும் டியூன் செய்யக்கூடிய வடிகட்டியை வைத்துப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதினால், இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். நான் அண்மையில் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

70 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரே சில்லில் கேட்கும் ஏடி9361 வகை ரிசீவரைக் கொண்டு, 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 5ஜி அலைகளின் வலுவை எங்கள் ஆய்வகத்து மாணவர் ஒருவர் அளந்துகொண்டிருந்தார். 780 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அகலமான, வலுவான ஒரு மேடு தெரிந்தது. ஆனால் அந்த அலை 5 மில்லிநொடிக்கு ஒருமுறை விட்டு விட்டு வருவதை அவர் கவனித்தார். 700 பகுதியில் கோபுரம் ஓர் அலைவரிசையிலும் கைபேசி வேறோர் அலைவரிசையிலும் அனுப்புகின்றன. எனவே கோபுரம் தன் முறைக்காகக் காத்து நிற்க வேண்டியதே இல்லை. ரிசீவர் எந்த இடத்தைக் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உள் அலையாக்கியான ஆசிலேட்டரை 1 மெகாஹெர்ட்ஸ் மேலே நகர்த்தியபோது ஐயம் முழுவதும் தீர்ந்தது: உண்மையான அலையாக இருந்தால் திரையின் நடுவிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் கீழே போயிருக்க வேண்டும், இதுவோ எதிர்த்திசையில் 3 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தது.

அது 2340 மெகாஹெர்ட்ஸில், அதாவது 780-இன் மூன்று மடங்கில் வரும், கோபுரமும் கைபேசியும் மாறி மாறி அனுப்பும் 4ஜி அலை. இத்தகைய சில்லுகளில், வரும் அலையை ஆசிலேட்டர் அலையோடு கலக்கும் மிக்சரை இயக்குவது சதுர அலை. அதன் மூன்றாம் சீரிசை, அதாவது மூன்று மடங்கு அதிர்வெண்ணில் உடன்வரும் அலை, அடிப்படை அலையைவிடச் சுமார் 9.5 டெசிபெல் மட்டுமே குறைவானது. எனவே முன்னால் வடிகட்டி இல்லாவிட்டால் ரிசீவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைக் கேட்கிறது.

இதற்கு மருந்தாக, வோல்ட்டேஜுக்கு ஏற்பத் தன் கண்டன்சர் மதிப்பை மாற்றிக்கொள்ளும் வராக்டர் டயோடால் நகர்த்தப்படும் இரண்டு ஒத்ததிர்வுச் சுற்றுகளை அடுத்தடுத்து வைத்தோம். சுருளின் கியூ மதிப்பு, அதாவது இழப்பு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் எண், 50 அளவில்தான் இருந்தது. அந்தச் சுருளை வைத்து 5 விழுக்காடு அகலமுள்ள இரண்டு கட்ட வடிகட்டியைக் கட்டினால், வேண்டிய அலையே கிட்டத்தட்ட 5 டெசிபெல் இழந்துவிடும். ரிசீவர் தானே சேர்க்கும் இரைச்சலைக் குறிக்கும் இரைச்சல் எண்ணில் அந்த இழப்பு அப்படியே போய்ச் சேரும். ஆனால் சுற்றோடு இணைந்தவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் சுமையேற்றிய கியூவை 5 என்ற அளவில் தளர்வாக விட்டால், ஒவ்வொரு சுற்றும் மூன்றாம் சீரிசையை 22 டெசிபெல் தடுக்கிறது. ஒரு சுற்றின் இழப்பு 1 டெசிபெல்லைத் தொடுவதில்லை. டியூன் செய்யக்கூடிய வடிகட்டியிடம் அலைவரிசையைக் கூர்மையாக வெட்டும் வேலையைக் கேட்கக் கூடாது, தொலைவான அதிர்வெண்ணில் நிற்கும் பகை அலையைத் தடுக்கும் வேலையை மட்டுமே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி: வானொலிப் பழுதுபார்ப்பவர்

ஐயா எழுதியதைப் படித்தபோது, வால்வு ரேடியோக்களில் ஒரே தண்டில் சுழலும் தகட்டுக் கண்டன்சர்களான கேங் கண்டன்சர் இதே வேலையைத்தான் செய்துவந்தது என்று சொல்லத் தோன்றியது. மத்திய அலையில் 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை செல்ல, அதிர்வெண் மூன்று மடங்கு மாற வேண்டும். அதற்குக் கண்டன்சரின் மதிப்பு ஒன்பது மடங்கு மாற வேண்டும். அதைவிட அகலமாக ஒரே சுருளில் செல்ல முடியாது என்பதால்தான் சிற்றலைக்கு வேறு சுருளும் பேண்ட் ஸ்விட்சும் வைத்தார்கள். இன்று 70 முதல் 6000 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே வடிகட்டியை நகர்த்த நினைப்பவர்களும் இந்த இருபடிக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. சுருள்களை மாற்றும் ஸ்விட்சும், ஒவ்வொரு சுருளுக்குள்ளும் நகரும் கண்டன்சரும் சேர்ந்துதான் அந்த நீளத்தைக் கடக்க வேண்டும்.

கடினமான வேலை வடிகட்டியை நகர்த்துவதில் இல்லை. ஆசிலேட்டரோடு சேர்த்து நகர்த்துவதில் இருக்கிறது. வரும் நிலையம் எதுவானாலும் மாற்றிக் கொண்டுவரப்படும் நிலையான இடைநிலை அதிர்வெண் 455 கிலோஹெர்ட்ஸாக உள்ள ரேடியோவில் ஆசிலேட்டர் 985 முதல் 2055 வரை செல்கிறது. அது மூன்று மடங்கு இல்லை, இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். ஒரே தண்டில் சுழலும் இரண்டு கண்டன்சர்களும் ஒத்துப்போவதற்காகவே பேடர் என்ற தொடர் கண்டன்சரைச் சேர்த்து, முள்ளின் கீழ்க்கோடியில் சுருளையும் மேல்கோடியில் ட்ரிம்மர் என்ற சிறு கண்டன்சரையும் மாறி மாறிச் சரிசெய்வோம். அதைச் செய்து முடித்த பிறகும் நடுவில் சிறிது விலகல் இருக்கவே செய்யும்.

ஆசிலேட்டருக்கு மறுபுறம் அதே தொலைவில் நின்று தவறாக உள்ளே வரும் பிம்ப அதிர்வெண்ணைப் பற்றியும் ஒன்று. 15.2 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் நிலையம், முள் 14.29-இல் நிற்கும்போது மறுபடியும் கேட்கும். முன்னால் கியூ 60 உள்ள ஒற்றைச் சுருள் இருந்தாலும் அங்கே கிடைக்கும் தடுப்பு சுமார் 17 டெசிபெல்தான். அதே கியூ மத்திய அலையில் 1000 கிலோஹெர்ட்ஸில் 38 டெசிபெல் தந்துவிடும்; பிம்பம் இரண்டு இடத்திலும் 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தான் இருக்கிறது, ஆனால் சிற்றலையில் அந்தத் தொலைவு அதிர்வெண்ணோடு ஒப்பிட மிகச் சிறியது.

கேங் கண்டன்சர் கிடைப்பது அரிதானபின் சில பெட்டிகளில் வராக்டரைப் போட்டுக் கொடுத்தேன். நிலையக் கோபுரத்துக்கு அருகில் இருந்த ஒரு வீட்டில் மட்டும், முள்ளில் அந்த நிலையம் இருக்கக் கூடாத இடங்களிலெல்லாம் அது கேட்டது. தகட்டுக் கண்டன்சருக்கு, வரும் அலையின் மின்னழுத்தம் பொருட்டில்லை. டயோடோ அந்த மின்னழுத்தத்தாலும் தன் மதிப்பை மாற்றிக்கொள்கிறது. இரண்டு டயோடுகளை எதிரெதிராக இணைத்த பிறகு பெருமளவு குறைந்தது.

மறுமொழி: சில்லு வடிவமைப்பாளர்

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த யூபிட்எக்ஸ் என்ற சிற்றலை வானொலிக் கருவி, மேலே சொன்ன பிம்பச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. முதல் இடைநிலை அதிர்வெண்ணை 45 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்திவிட்டதால் பிம்பம் 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடுகிறது. 30 மெகாஹெர்ட்ஸில் நிற்கும் ஒரே தாழ்நிலை வடிகட்டி போதுமானதாகிவிடுகிறது. நகரும் வடிகட்டியே தேவைப்படாத இந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் சிற்றலை முழுவதும் முதல் மிக்சர் வரை வந்து சேரும் என்பதால், அந்த மிக்சர் வலிமையானதாக இருந்தாக வேண்டும்.

நான் பணிபுரிவது என்-பாதை வடிகட்டிகளில். ஃபிராங்க்ஸ், சாண்ட்பெர்க் இருவரும் 1960-இல் எழுதிய கருத்து இது. சில்லுகளில் உள்ள சிமாஸ் வகை டிரான்சிஸ்டர் ஸ்விட்சுகள் போதிய வேகம் பெற்றபின் மீண்டும் உயிர்பெற்று, 2011-இல் நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகக் குழு 100 மெகாஹெர்ட்ஸ் முதல் 1 கிகாஹெர்ட்ஸ் வரை நகரும் வடிகட்டியைச் சுருளே இல்லாமல் செய்து காட்டியது. சில கண்டன்சர்களை ஸ்விட்சுகள் வரிசையாக ஆன்டெனாவோடு இணைத்துப் பிரிக்கின்றன. ஸ்விட்சுகளை ஓட்டும் கடிகாரத்தின் அதிர்வெண்ணே வடிகட்டியின் நடு அதிர்வெண்ணாகிறது. பேடரும் ட்ரிம்மரும் கொண்டு பழுதுபார்க்கும் பெரியவர் பட்ட பாடு இங்கே இல்லை, ஏனெனில் ஆசிலேட்டரும் வடிகட்டியும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலி நண்பர்கள் சாஃப்ட்ராக் ரிசீவர் கருவிகளில் பயன்படுத்திய டெய்லோ டிடெக்டர் என்ற ஸ்விட்ச் சுற்று இதன் நெருங்கிய உறவு.

இதற்கும் எல்லை உண்டு. 50 ஓம் ஆன்டெனாவுக்கு 5 ஓம் ஸ்விட்ச் என்றால், எவ்வளவு தொலைவு விலகினாலும் தடுப்பு 21 டெசிபெல்லோடு நின்றுவிடும். முதல் பதிவில் ஐயா கண்ட மூன்றாம் சீரிசையை, நான்கு பாதை வடிகட்டி தடுப்பதற்கு மாறாக உள்ளே விடுகிறது. எனவே எங்கள் அளவீடுகளில் அருகில் உள்ள பகையை என்-பாதையும், தொலைவில் உள்ளதைத் தளர்வான ஒரு சுருள் சுற்றும் பார்த்துக்கொள்ளும்படி பிரித்தோம். இந்தப் பங்கீடு நன்றாகவே உழைக்கிறது.

மறுமொழி: அளவீட்டு ஆய்வகத்திலிருந்து

அலைகளின் வலுவை அதிர்வெண் வாரியாகக் காட்டும் மைக்ரோவேவ் ஸ்பெக்ட்ரம் அனலைசர்களில் உள்ள, யிக் என்ற காந்தப் படிகத்தாலான வடிகட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காந்தப்புலத்தில் வைத்த சிறு கோளம், ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ் என்ற நேர்விகிதத்தில் நகர்கிறது. கியூ மிக உயர்வு. ஆனால் மின்காந்தம் மெதுவானது, மின்சாரத்தை நிறைய உண்பது, பழைய நிலையின் தடத்தைச் சிறிது வைத்துக்கொள்வது. வடிகட்டியை உச்சத்தில் மையப்படுத்திய பிறகே அளவைக் குறித்துக்கொள்ளுமாறு புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

முதல் பதிவிட்டவர்

பெரியவருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. கைபேசியில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனியாக உள்ள, படிகத்தில் ஓடும் ஒலியதிர்வைக் கொண்டு வடிகட்டும் ஒலியலை வடிகட்டிகள் அத்தனைக்கும் பதிலாக ஒரே நகரும் வடிகட்டி வைக்கலாமா என்று தனிமடலில் கேட்டவருக்கு: 1800 அலைவரிசையில் கைபேசி 1710–1785-இல் அனுப்பி, 1805–1880-இல் கேட்கிறது. நடுவில் இருப்பது 20 மெகாஹெர்ட்ஸ், அதாவது 1 விழுக்காட்டுக்குச் சற்றே மேல். 200 மில்லிவாட் அனுப்பிக்கொண்டே, ஒரு பிக்கோவாட்டில் பத்தில் ஒரு பங்கைக் கேட்க வேண்டிய இடம் அது. அங்கே ஆயிரத்தை ஒட்டிய கியூ தரும் ஒலியலை வடிகட்டிக்கு வராக்டர் ஈடாகாது. அனுப்புவதும் கேட்பதும் மாறி மாறி நடக்கும் 2300 போன்ற அலைவரிசைகளில் அந்தச் சுமை இல்லை என்பதால், முயன்று பார்க்க விரும்புபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

பெரியவர் சொன்ன, வடிகட்டிக்கும் ஆசிலேட்டருக்கும் இடையிலான விலகலைப் பொறுத்தவரை, நாங்கள் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் உரிய வோல்ட்டேஜை அட்டவணையாகச் சேமித்திருக்கிறோம். வெப்பம் ஏறினால் டயோடின் மதிப்பும் மாறுவதால், கருவியைத் தொடங்கும்போது இரைச்சல் மூலத்தை உள்ளே செலுத்தி உச்சத்தைத் தேடி அட்டவணையைத் திருத்துகிறோம். சுமையேற்றிய கியூ 5 என்பதால் சிறு பிழையை வடிகட்டி பொறுத்துக்கொள்கிறது. இதைவிடக் கூர்மையான வடிகட்டியில் வெப்ப ஈடு செய்தவர்கள் இருந்தால், எந்த முறையைக் கையாண்டீர்கள் என்று எழுதுங்கள்.