புதுப்பிப்பு: சூழலியலும் பரிணாமமும் படிக்கக் கணக்கு வேண்டுமா?

விலங்கியல் இளங்கலை முடித்துவிட்டு முதுகலையில் சூழலியலும் பரிணாம உயிரியலும் எடுக்கப் போகிறேன், கணக்கை விட்டுப் பல காலமாச்சு, சமாளிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "காட்டில் சுற்றும் படிப்புதானே" என்று பாதிப் பேர் சொன்னீர்கள். சேர்ந்து முதல் பருவம் முடிந்தது. கணக்கு வேண்டும், ஆனால் பயந்த மாதிரி இல்லை.

எவ்வளவு கணக்கு என்பதற்கு ஒரு உதாரணம்: பசிபிக் கடலின் கலாபகசுத் தீவுகளில் டாப்னி மேஜர் என்ற சின்னத் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973 முதல் குருவிகளின் அலகை அளந்தார்கள். 1977 வறட்சியில் சின்ன விதைகள் தீர்ந்துபோய், நம்ம நெருஞ்சிக்கு உறவான செடியின் கெட்டி முள்காய்தான் மிச்சம், அதை உடைக்கத் தடித்த அலகுள்ளவை அதிகம் பிழைத்தன. சரி, அவற்றின் குஞ்சுகளுக்கு அலகு எவ்வளவு தடிக்கும்? பிழைத்தவற்றின் சராசரிக்கும் மொத்தக் கூட்டத்தின் பழைய சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை, அந்தப் பண்பு எந்த அளவுக்கு மரபில் வருகிறதோ அந்தப் பின்னத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்! பெருக்கல் தெரிந்தால் போதும். 1983-இல் எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) மழை கொட்டிச் சின்ன விதைகள் பெருகியதும் இயற்கைத் தேர்வு எதிர்த்திசைக்கு, அதாவது சின்ன அலகின் பக்கம், திரும்பியது, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

உண்மையில் இடிப்பது புள்ளியியலும், அந்தக் கணக்குகளைக் கணினியில் போட உதவும் ஆர் (R) நிரல்மொழியும். முதுமலைக் காட்டில் 1988 முதல் 50 ஹெக்டேரில் மரங்களை ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள தண்டு வரை விடாமல் கணக்கெடுத்து வருகிறார்கள், அந்த மாதிரித் தரவைக் கையால் யார் கூட்டுவது? சேரப் போகிறவர்கள் விடுமுறையிலேயே ஆர் பழகிவிடுங்கள்.