எஃப்பிஎல் (ஃபேன்டஸி பிரீமியர் லீக், ஆன்லைன் ஃபுட்பால் கேம்) லீக்ல உங்க பரம எதிரி யாரு? நடந்தத நடந்தபடி சொல்லுங்க

பெரம்பூர் பையன்:

மொதல்லயே சொல்லிடறேன், எங்க லீக்ல நான் ஒரு தடவ கூட ஃபர்ஸ்ட் வந்ததில்ல, வரணும்னு பெரிய ஆசையும் இல்ல. பதினாலு பேர் ஆடறோம். நான் பதிமூணாவதா முடிச்சாலும் ஓகே, ஆனா எனக்கு கீழ பதினாலாவதா, ஸ்கூல்ல என் கூட ஒரே பெஞ்சுல உக்காந்த அந்த ஒருத்தன் இருக்கணும். அவ்ளோதான் என் லட்சியம்.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன இன்ட்ரோ. இங்கிலீஷ் பிரீமியர் லீக்ல ஆடற பிளேயருங்கள வெச்சு 100 மில்லியன் பவுண்டுக்குள்ள 15 பேர எடுக்கணும், ஒரே கிளப்லேர்ந்து 3 பேருக்கு மேல கூடாது, அவங்க நெஜ மேட்ச்ல ஆடறத வெச்சு நமக்கு பாயிண்ட், நாம கேப்டனா வெக்கறவன் எடுக்கற பாயிண்ட் டபுள். காசெல்லாம் கற்பனைதான், தூக்கம் மட்டும் நெஜமாவே போவும். எனக்கும் அவனுக்கும் தனியா ஒரு டீலிங், வாரத்துல கம்மியா எடுத்தவன் பிரியாணி வாங்கணும்.

இப்போ மேட்டருக்கு வரேன். 2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை. அன்னிக்கு ராத்திரி எங்க கூட படிச்சவன் ஒருத்தனுக்கு அயனாவரத்துல ரிசப்ஷன். டீம மாத்தறதுக்கு டெட்லைன் நம்ம டைம் மதியானம் 3:30. நான் சட்டைய அயர்ன் பண்ணிக்கிட்டே டீம நோண்டிட்டு இருக்கேன், ஹாலண்டும் வேணும் சாலாவும் வேணும், பட்ஜெட்டு இடிக்குது, ஹாலண்ட் மட்டுமே சீசன் ஆரம்பத்துல 15 மில்லியன், சரின்னு செல்சி கிளப் பிளேயர் கோல் பால்மர வித்துட்டேன். ஒரு டவுட்டு வந்து இவனுக்கு போன் போட்டேன், கேப்டன் யார்றான்னு. "ஹாலண்ட்தான் மச்சான், இதுல என்ன யோசன" அப்டின்னான், குரல்ல ஒரு துளி நடுக்கம் இல்ல. டெட்லைன் முடியற வரைக்கும் அடுத்தவன் டீம் நமக்கு தெரியாது இல்லையா, நம்பிட்டேன். நானும் ஹாலண்ட்.

அஞ்சு மணிக்கு ஹாலண்டோட மான்செஸ்டர் சிட்டி மேட்ச், நியூகாசில் கூட 1-1, ஹாலண்ட் கோலே அடிக்கல. சரி ரெண்டு பேருக்கும்தானே போச்சுன்னு நிம்மதியா குளிச்சிட்டு கெளம்பினேன். அவன் டீம தெறந்து பாக்கணும்னு எனக்கு தோணவே இல்ல, அதுதான் விதி.

ஏழே முக்காலுக்கு பந்தில உக்காந்தோம், அவன் என் பக்கத்துல. தண்ணி பாட்டில்ல போன சாய்ச்சு வெச்சிருக்கான். இலைல ஸ்வீட்டு வெச்சாங்க, போன் ஒரு தடவ ஆடுச்சு. பேபிகார்ன் ஃப்ரை வந்துச்சு, மறுபடி ஆடுச்சு. ரூமாலி ரொட்டிய பிச்சு வாயில வெக்கறதுக்குள்ள இன்னொன்னு. வெஜ் பிரியாணி போடும்போது நாலாவது. மேட்ச்ல 21, 28, 31, 41ஆவது நிமிஷம், நாலே நிமிஷத்துல நாலு கோல்னு சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு அப்டிதான் இருந்துச்சு. செல்சி கூட ஆடின பிரைட்டன் பாவம். பிரீமியர் லீக்ல ஃபர்ஸ்ட் ஹாஃப்லயே நாலு கோல் அடிச்ச மொத ஆளு பால்மர்தான், அந்த ஆளத்தான் நான் நாலு மணி நேரம் முன்னாடி வித்திருக்கேன்.

"யாருடா அடிக்கறா?"ன்னு கேட்டேன். அவன் என் மூஞ்சிய பாக்கல. பரிமாற வந்தவர பாத்து "அண்ணா, இங்க இன்னொரு ரசமலாய்" அப்டின்னான். அப்போவே எனக்கு வயிறு கலங்கிடுச்சு. பால்மருக்கு 25 பாயிண்ட்டு, இவன் டீம்ல அவர்தான் கேப்டன் வேற, 50. தயிர் சாதம் எறங்கல எனக்கு.

அந்த பரம எதிரி நான்தான்:

வணக்கம். லிங்க்க எங்க குரூப்லயே போட்டு விட்டிருக்கான், படிக்க மாட்டேன்னு நெனச்சான் போல. ஒரு திருத்தம், அது ரசமலாய் இல்ல, குலாப் ஜாமூன்.

இவன் சொல்லாம விட்டத நான் சொல்றேன். நான் மான்செஸ்டர் யுனைடெட் ஃபேன். 2022 அக்டோபர் 2, சிட்டி கூட 6-3னு அடி வாங்கினோம், ஹாலண்ட் மூணு கோல் ரெண்டு அசிஸ்ட், 23 பாயிண்ட். இந்த புண்ணியவான் அந்த வாரம் பாத்து ஹாலண்டுக்கு டிரிபிள் கேப்டன் சிப்ப போட்டிருந்தான். மூணு மடங்கு, 69. என் டீம் ஆறு கோல் வாங்கிட்டு நிக்குது, நான் ரூம் லைட்ட அணைச்சிட்டு படுத்திருக்கேன், இவன் அந்த 69 ஸ்க்ரீன்ஷாட்ட குரூப் டிபியா வெச்சான். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லைங்க, தீபாவளி வரைக்கும்! எங்க ஸ்கூல் குரூப்ல டீச்சருங்க கூட இருக்காங்க, ஒரு மிஸ்ஸு "என்னப்பா இது மார்க்கா"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் கேப்டன் யாருன்னு இவன் கேட்டா நான் உண்மை சொல்றதே இல்ல, சொல்லவும் மாட்டேன்.

பெரம்பூர் பையன்:

குலாப் ஜாமூன் வெச்சாங்களா, எனக்கு வரவே இல்ல.

வியாசர்பாடி கோச்:

என் கதை சின்னது. எங்க ஏரியால ஃபுட்பால் பத்தி யாருக்கும் பாடம் எடுக்க வேணாம், நடக்க ஆரம்பிக்கும்போதே பந்த உதைக்கற ஊரு. சாயந்தரம் கிரவுண்டுல பசங்களுக்கு கோச்சிங் குடுக்கறேன், நானும் ரொம்ப வருஷம் மிட்ஃபீல்டு ஆடினவன். எஃப்பிஎல்ல கடைசி எடம்! எனக்கு மேல இருக்கறது எங்கிட்ட கத்துக்கற எட்டாங்கிளாஸ் பையன், அவங்க அப்பா போன்ல ஆடறான். நான் ஒருத்தன் ஓடறது, பந்து இல்லாதப்போ எங்க நிக்கறான், இதெல்லாம் பாத்து பாத்து எடுப்பேன், அவன் கோலும் அடிக்க மாட்டான் அசிஸ்ட்டும் குடுக்க மாட்டான், 2 பாயிண்ட்டோட வருவான். பையன் சொல்றான், "சார் நீங்க ஆட்டத்த பாக்கறீங்க, நான் பெனால்டி யாரு அடிப்பாங்கன்னு பாக்கறேன்." ரெண்டு ரவுண்டு எக்ஸ்ட்ரா ஓட விட்டேன்.

அம்பத்தூர் ஷிஃப்ட்டு:

கோச்சு, நீங்களாவது ஓட விட்டீங்க, நான் ஓட வேண்டியவன். என் எதிரி எங்க லைன் சூப்பர்வைசர் அண்ணன். எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. ஷாப் ஃப்ளோர்ல போன் கூடாது, லாக்கர்ல வெச்சிட்டுதான் போவணும், டீ பிரேக் நாலு மணிக்கு. குளிர்காலம் ஃபுல்லா சனிக்கிழமை டெட்லைன் நம்ம டைமுக்கு 4:30, அதனால டீ குடிச்சிக்கிட்டே நிதானமா டீம மாத்துவேன், அஞ்சு மாசமா அதே பழக்கம். மார்ச் கடைசி ஞாயித்துக்கெழம இங்கிலாந்துல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க, அப்புறம் நமக்கு 3:30 ஆயிடும். இது அண்ணனுக்கு தெரியும். எனக்கு தெரியாதுங்கறதும் தெரியும்.

ஏப்ரல் மொத சனிக்கிழமை, 3:15 இருக்கும், பாத்ரூம் போற சாக்குல லாக்கர் பக்கம் போலாம்னு நவுந்தேன், சும்மாதான், ஏதோ மனசு சொல்லுச்சு. "தம்பி, அந்த டிரேல இருக்கறத ஒருக்கா கேஜ் போட்டு பாத்துடுப்பா" அப்டின்னாரு. எண்பது பீஸு. ஒவ்வொன்னா வெச்சு எடுத்து வெச்சு எடுத்து, நாலு மணிக்கு போன தெறந்தா டீம் லாக்கு. கால்ல அடிபட்டு வெளிய இருக்கறவன் கேப்டனா நிக்கறான். வைஸ் கேப்டன் இருக்கான்ல, அவனுக்கு டபுளாகுமேன்னு பாத்தா அவனும் பெஞ்சு. டீ வாங்கி குடுத்தாரு அண்ணன், அதையும் சொல்லணும். பன்னு பட்டர் ஜாம் கூட.

வில்லிவாக்கம் மருமக:

நான் ஒருத்திதான் பொண்ணா இங்க? சரி.

எனக்கு எதிரி எங்க மாமனார். ஐசிஎஃப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, இளவட்டத்துல பேக்ல நின்னு ஆடுவாராம், இப்போவும் கால் முட்டிய காட்டி ஒரு கதை சொல்லுவாரு, ஒவ்வொரு தடவையும் எதிர் டீம் மாறும். எங்க வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்ட்டி, அவரு இந்த பக்கமே வர மாட்டாரு. மாமாக்கு டீம் நான்தான் ஓப்பன் பண்ணி குடுத்தேன், அதுவே நான் பண்ண தப்பு. பழைய காலண்டர் பின்பக்கத்துல பென்சில்ல கட்டம் போட்டு வெச்சிருக்காரு, யாருக்கு யாரோட மேட்ச், யாருக்கு ரெஸ்ட்டு. அந்த காலண்டர நான் கடந்து போனா திருப்பி வெச்சிடுவாரு!

எங்க பந்தயம் என்னன்னா, தோத்தவங்க திங்கக்கிழமை காலைல காபி போடணும். இதுல ஒரு கொடுமை இருக்கு, அவரு போடற காபிய குடிக்கறதுக்கு நானே தோத்துடலாம். டிக்காஷன் எறங்கறதுக்குள்ள ஃபில்டர தட்டி தட்டி எறக்கிடுவாரு.

மாமாக்கு டிஃபென்டர்னா உசுரு. எல்லாரும் ஃபார்வர்டுக்கு காச கொட்டுவோம், அவரு அஞ்சு டிஃபென்டரையும் நல்ல ஆளா வாங்குவாரு. எவர்டன் டார்கவ்ஸ்கிய பாத்து "தலைய குடுத்து பந்த எடுக்கறாம்மா, இவனுக்கு என்ன பாயிண்ட்டு குடுக்கறாங்க?" அப்டிம்பாரு. "ஒன்னும் இல்ல மாமா, அவங்க டீம் கோல் வாங்கிட்டா க்ளீன் ஷீட் போச்சு"ம்பேன். "அநியாயம்"னு டிவிய ஆஃப் பண்ணிடுவாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு, 2025-26 சீசன்ல ரூல மாத்திட்டாங்க! டிஃபென்டர் ஒரு மேட்ச்ல கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் எல்லாம் சேத்து 10 பண்ணா 2 பாயிண்ட்டு, டீம் கோல் வாங்கினாலும் சரி. மிட்ஃபீல்டு, ஃபார்வர்டுன்னா 12 வேணும். இத நான் படிச்சு சொன்னேன் பாருங்க, மனுஷன் எந்திரிச்சு வேட்டிய மடிச்சு கட்டினாரு. இவருகிட்ட கேட்டுத்தான் மாத்தின மாதிரி. அன்னிலேர்ந்து திங்கக்கிழமை காபி நான்தான், அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

இன்னொன்னு. அதே 2025 ஆகஸ்ட்ல, காசு கட்டி ஆடற ஆன்லைன் கேமுக்கெல்லாம் தடைன்னு பார்லிமென்ட்ல சட்டம் போட்டாங்கல்ல, பேப்பர்ல பாத்துட்டு காலங்காத்தால கிச்சனுக்கு வந்துட்டாரு. "ஏம்மா, நம்ம ஆட்டம் இதுல வருமா?" "மாமா, நாம கட்டணம் எதுவும் கட்டல, வர்றது போறது வெறும் பாயிண்ட்டு"ன்னேன். கொஞ்ச நேரம் நின்னாரு. "அப்போ காபி?"ன்னாரு. நெஜமாவே பயந்திருக்காரு.

வேளச்சேரி:

மேல எல்லாரும் டீம மாத்தி தோத்த கதை சொல்றீங்க, நான் மாத்தாம ஜெயிச்சவன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். திங்கக்கிழமை 4ஆம் தேதி பேய்மழை, கீழ் வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, நாங்க மாடில. கரண்டு இல்ல, டவர் இல்ல. அந்த வாரம் நடுவாரத்துல மேட்ச், செவ்வாய்க்கெழம ராத்திரி 11:30 டெட்லைன். போன்ல 6 பர்சென்ட் இருந்துச்சு, அத டார்ச்சுக்கு வெச்சிக்கிட்டேன், டீமாவது ஒன்னாவது. ஆனா பொய் சொல்லக்கூடாது, 11:30 ஆச்சான்னு வாட்ச்ச பாத்தேன்.

என் எதிரி மேடவாக்கம், எங்க ஆஃபீஸ்தான். அவன் வீட்டாண்ட ஓரளவு தப்பிச்சிடுச்சு. அவன் அந்த வாரம் மூணு பேர மாத்தியிருக்கான், ரெண்டு ஹிட்டு, அதாவது எக்ஸ்ட்ராவா மாத்தினதுக்கு பாயிண்ட் கட்டு, மைனஸ் 8. கேப்டன் ஹாலண்ட், ஆஸ்டன் வில்லா சிட்டிய 1-0ன்னு முடிச்சிட்டாங்க. லேனோவ வித்துட்டு வேற கீப்பர வாங்கியிருக்கான். அன்னிக்கு ராத்திரிதான் ஃபுல்ஹாம் ஃபாரஸ்ட்ட 5-0ன்னு வெளுத்தது, கோல் போஸ்ட்ல லேனோ.

எனக்கு இது எதுவும் தெரியாது. வியாழக்கிழமை காலைல யாரோ கீழேர்ந்து பேர் சொல்லி கூப்பிடறாங்க. எட்டிப் பாத்தா இவன். முட்டிக்கு மேல கருப்பு தண்ணி, தலைமேல ஒரு பிளாஸ்டிக் கவர புடிச்சிருக்கான், உள்ள பால் பாக்கெட்டு, பிரெட்டு, மெழுகுவர்த்தி, குழந்தைக்கு பிஸ்கட்டு. பாலுக்கு எவ்ளோ அலைஞ்சோம்னு அந்த வாரம் சென்னைல இருந்தவங்களுக்கு தெரியும். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. படியேறி வந்தான், கவர குடுத்தான், மூச்சு வாங்குது, மொத வார்த்த என்ன கேட்டான் தெரியுமா?

"டேய், லேனோ உள்ள இருக்கானா பெஞ்சுல இருக்கானா?"

உள்ளன்னேன். படிலயே உக்காந்துட்டான். அன்னிக்கு ராத்திரி வெஸ்ட் ஹாமுக்கு ஜாரட் போவன் வேற ஒரு கோல் போட்டான், அவனும் எங்கிட்டதான். அந்த வாரம் லீக்லயே நான்தான் டாப்பு, எனக்கு அது ரெண்டு நாள் கழிச்சு சார்ஜ் போட்டப்போதான் தெரிஞ்சுது.

பெரம்பூர் பையன்:

அந்த வாரம் பிரியாணி?

வேளச்சேரி:

எங்க ஏரியால கடை தெறக்கவே பத்து நாளாச்சு. தெறந்தன்னிக்கே வாங்கிட்டு வந்தான், ரெண்டு லெக் பீஸையும் வழிலயே தின்னுட்டான்.