புதுப்பிப்பு: அப்பாவின் கேசட் பேசிவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 1986-ல் துபாயில் வேலை பார்த்தபோது அப்பா அம்மாவுக்குப் பேசி அனுப்பிய கேசட் ஒன்று இருக்கிறது, போட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மங்கலாகக் கேட்கிறது, தலைத்திவசத்துக்குள் சரிசெய்ய முடியுமா என்று. முடிந்தது.

நாடா நன்றாகத்தான் இருந்தது. அதை டேப் ரெக்கார்டரில் ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்திருந்தது, அவ்வளவுதான். (முதலில் போன கடையில் "ஒன்றும் தேறாது" என்றார்கள். நல்லவேளை, அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை.) ஐந்து திருகாணியைக் கழற்றி, இரண்டு சக்கரங்களையும் நாடாவோடு வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்றினேன். சி-60, பக்கத்துக்கு அரை மணி நேரம். ஓடவிட்டுக் கணினியில் பதிவு செய்தேன். எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள் என்று சொன்னவருக்கு நன்றி.

அப்புறம் அம்மாவை உட்காரவைத்துப் போட்டேன். வீட்டில் அப்போது ஃபோன் கிடையாது. அதனால் கடிதம் மாதிரியே ஆரம்பிக்கிறார்: "இங்கு நான் நலம்." பின்னால் ஃபேன் சத்தம், யாரோ பாத்திரம் உருட்டுகிறார்கள். "சின்னவனுக்கு இருமல் நின்னுச்சா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் என்பது போல நாலைந்து விநாடி சும்மா இருக்கிறார். அந்தச் சின்னவன் நான்தான். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

அந்த இடைவெளியில் அம்மா மெதுவாக, "நின்னுருச்சுங்க" என்றார்.

பி பக்கம் இன்னும் போடவில்லை. திவசத்தன்று கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.