ஜெபக் குறிப்பு நோட்டில் என் அம்மா

கடலூர்க்காரன்:
புதுச்சேரி காலாப்பட்டில் எம்.எஸ்சி. படித்தபோது ரூம்மேட் இ.யு. (இவாஞ்சலிக்கல் யூனியன் என்ற கிறிஸ்தவ மாணவர் குழு) கூட்டத்துக்கு இழுத்துப்போனான். சுண்டல் உண்டு என்றான், போனேன். பாட்டு முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக ஜெபிக்கிறார்கள். நானோ திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருப் பையன். என் முறை வந்ததும் சீட்டாட்டத்தில் சொல்வதுபோல் ‘பாஸ்’ என்றேன். எல்லாரும் ‘ஆமென்’ என்றார்கள்.

விஷயம் அதுவல்ல. ஒரு சீனியர், யாருக்கு என்ன வேண்டுதல் என்று எழுதிவைக்கிற நோட்டை விரித்து, “ஜெபக் குறிப்பு ஏதாவது இருக்கா தம்பி?” என்றார். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்றேன். எழுதிக்கொண்டார். அப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்று வருடம் கழித்து கடலூர் பஸ்ஸில், தவளக்குப்பம் தாண்டியதும் யாரோ தோளைத் தட்டினார்கள். அவர்தான். “அம்மாவுக்கு இப்ப கண்ணு நல்லாத் தெரியுதா?”

அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. “நல்லாத் தெரியுது அண்ணே” என்றேன். ‘ஸ்தோத்திரம்’ என்று சிரித்துவிட்டு கிருமாம்பாக்கத்தில் இறங்கிவிட்டார். பெயர்கூடத் தெரியாது.

வில்லியனூர் மாதா பிள்ளை:
எல்லாரும் அப்படி நோட்டோடு வருவதில்லை. இருதய ஆண்டவர் கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறேன், வகுப்புத் தோழி ஒருத்தி வாசலில் பிடித்து, “நீ இரட்சிக்கப்பட்டுட்டியா?” என்றாள். கண் என் கையிலிருந்த ஜெபமாலை மேல். நான் அதைச் சுருட்டிப் பர்ஸுக்குள் போட்டுவிட்டேன். அந்த வெட்கம்தான் இன்னும் உறுத்துகிறது. எங்கள் கத்தோலிக்க மாணவர் அமைப்பான ஐக்கஃப் 1924லேயே வந்தது, இ.யு.க்காரர்களின் அகில இந்திய அமைப்பு 1954இல்தான் என்று சொல்லியிருக்கலாம். பதில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் தோன்றியது.

மஞ்சக்குப்பம் பெரியவர்:
தங்கச்சி, சின்னப் பெண் கேட்டதற்கு 1924, 1954 என்று கணக்கா? கணக்கென்றால் 18ஆம் நூற்றாண்டிலேயே தரங்கம்பாடியிலிருந்து கடலூர் வந்துவிட்ட லுத்தரன் (புராட்டஸ்டண்ட்) சபைக்காரர்கள் நாங்கள். பைபிளை இலவசமாகக் கொடுக்கிற கிதியோன் அமைப்பின் குட்டிப் புதிய ஏற்பாடுகளைக் காலேஜ் வாசலில் நானும் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் டீக்கடைக்காரர் பதினொரு புத்தகத்தைத் தூசி தட்டி அடுக்கிவைத்து, “சாமி புக்கு, மிதிபடக் கூடாதுல்ல” என்றார். என் கதை அவ்வளவுதான்.

இ.யு. பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் கேளுங்கள். பரீட்சை வாரத்தில் அறைக் கதவைத் தட்டாதீர்கள். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைக்கு மெஸ் எங்கே, டவுனுக்கு எந்த பஸ் என்று காட்டிக்கொடுங்கள், வசனம் அப்புறம். வேற்று மதத்துப் பையனை வட்டத்தில் உட்காரவைத்தால், ஜெபிக்காமலும் இருக்கலாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பாவம், பாஸ் சொல்ல வைக்காதீர்கள். நோட்டு மட்டும் நல்ல பழக்கம். எங்கள் காலத்தில் பதில் கிடைத்த குறிப்புக்கு நேரே டிக் போட்டு, தேதி எழுதி, நன்றி சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போவோம்.

கடலூர்க்காரன்:
டிக் போடுவீர்களா ஐயா? அது எனக்குத் தெரியாது. அப்போ அன்றைக்கு ராத்திரியே போட்டிருப்பார்.