ஒக்கி புயல்ல தப்பிச்சி வந்த அண்ணன் இன்னும் ஒறங்க மாட்டேங்காரு, யாருகிட்ட காட்டணும்?

கடப்புறத்துக்காரி:
எனக்க அண்ணன் 2017 நவம்பர் கடைசில ஒக்கி அடிச்சப்பம் ஆழ்கடல்ல கெடந்தவரு, படகு கவுந்து ஒரு கன்னாச (கேன) கட்டிப்பிடிச்சி ரெண்டு ராத்திரி மெதந்துதான் ஆளு தப்பிச்சாரு, கூட கெடந்த கூட்டுக்காரன் ரெண்டாம் நாள் கைய விட்டுட்டான். இன்னும் ராத்திரி ஞெட்டி எழும்பி அவன் பேர கூப்பிடுதாரு. டிவில புயல் சின்னம்னாலே ஆஃப் பண்ணிருவாரு, மழைக்கு கூரை ஷீட்டு தடதடன்னா கதவுகிட்ட போய் இருப்பாரு. வீட்டுல கெடந்த மண்ணெண்ண கன்னாச பாத்து கை வெறச்சி போச்சின்னு மதினி அத தூக்கி வெளிய போட்டுட்டாவ. தெனமும் குடி வேற. தியானத்துக்கும் கொண்டு போனோம். ஒரு டாக்டரு ஒறக்க மாத்திர மட்டும் தந்தாரு. ஊர்ல பயந்தாங்கொள்ளின்னு சிரிக்கானுவ. இது என்ன சூக்கேடு?

மார்த்தாண்டம் நர்ஸ்:
டாக்டரு பாத்துதான் சொல்லணும், ஆனா கேட்டா பி.டி.எஸ்.டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு பெறவு வாற மன சூக்கேடு மாதிரி இருக்கு. பெரிய ஆபத்துக்கு பெறவு யாருக்கும் வெப்ராளம் வரும், அது ஒரு மாசம் தாண்டியும் நின்னா, கனவுல திரும்ப வந்தா, சின்ன சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போட்டா காட்டணும். பயந்தாங்கொள்ளித்தனம் ஒண்ணும் இல்ல, அந்த ரெண்டு ராத்திரி முடிஞ்சிட்டுன்னு அவரு உடம்புக்கு இன்னும் தெரியல. ஒறக்க மாத்திரையில இது மாறாது. செர்ட்ராலின் மாதிரி மாத்திர உண்டு, பிடிக்க சில வாரம் ஆவும். நடந்தத பேச வச்சி பயத்த கொறைக்கிற சிகிச்சைதான் முக்கியம், நடந்தத நெனச்சிட்டே கண்ண அங்கேயும் இங்கேயும் அசைக்க வச்சி செய்யுத ஈ.எம்.டி.ஆர்னும் ஒண்ணு உண்டு. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மனநல ஓ.பி. இருக்கு. குடிய மறைக்காதீங்க, தெனமும் குடிக்கவரு சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரலாம், அதையும் டாக்டரு சொல்லுத மாதிரி செய்யுங்க.

குளச்சல் ஆளு:
எனக்கு 2004 சுனாமி. பதினோரு வருசம் கடக்கரை பக்கமே போவல. கவுன்சிலிங்ல கண்ண மூடிட்டு அந்த காலைய முதல்ல இருந்து சொல்லச் சொன்னாங்க, சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சி இனி வரமாட்டேன்னு பஸ் ஏறிட்டேன், பொண்டாட்டிதான் அடுத்த வாரம் இழுத்துட்டு போனா. பத்து வாட்டி சொன்ன பெறவுதான் அது என்னைக்கோ நடந்ததுன்னு தோண ஆரம்பிச்சி. பெறவு கடல பாக்கணும்னாங்க, மொதல்ல ரோட்டுல நின்னு, அடுத்து மணல் வரைக்கும். இப்பமும் டிசம்பர் வந்தா ஒரு மாதிரிதான், ஆனா ஒறங்குவேன். அண்ணன்கிட்ட பைத்தியத்துக்கு காட்ட போறோம்னு மட்டும் சொல்லிராதீங்க மக்களே.

கருங்கல்காரன்:
போவ கூச்சமா இருந்தா மொதல்ல 14416 போடுங்க, டெலி மானஸ்னு மனநல ஹெல்ப்லைன், அரசாங்கத்துக்கது, காசு கெடயாது, தமிழ்லயே பேசுவாங்க.

கடப்புறத்துக்காரி:
நேத்து ராத்திரி போட்டேன். அண்ணன் பக்கத்துல கண்ண மூடி கெடந்தாரு, ஒறங்குதாருன்னு நெனச்சேன். போன வச்ச பெறவு "கன்னாசு கதைய சொன்னியா"ன்னு கேட்டாரு. சொன்னேன்னு சொன்னேன். "கைய அவன் விடல, நான்தான் விட்டேன்"னாரு. இத்தன வருசத்துல இத யாருகிட்டயும் சொன்னதில்ல. செவ்வாக்கிழம ஆசாரிப்பள்ளம் போறோம், மதினியும் வாறாவ.